மணி நின்றால் வா

கடற்கரைத் தெருவில் சர்க்காரை நம்பிய ஒரே ஆள் பவுல்தான். இதை யாரும் பாராட்டாகச் சொன்னதில்லை. 'சர்க்கார் மருமகன்' என்று தெரு அவருக்குப் பெயர் வைத்திருந்தது. மாமனார் வீட்டிலிருந்து இந்தக் கிறிஸ்மஸுக்காவது வேட்டி வந்ததா என்று வலை காய்கிற இடத்தில் உட்கார்ந்து கேட்பார்கள். வந்தது, உங்கள் கண் பட்டுவிடும் என்று பெட்டிக்குள் வைத்திருக்கிறேன் என்பார் பவுல். அப்போதெல்லாம் அவருக்கும் வாய் இருந்தது.

பெலவேந்திரர் கோயிலில் அவர் மெலிஞ்சியார். கோயிலைத் திறப்பது, பூட்டுவது, மெழுகுதிரி ஏற்றுவது, சாமியாருக்குப் பூசை உடுப்பு எடுத்து வைப்பது எல்லாம் மெலிஞ்சியாரின் வேலை. தெருவுக்கு அவர் மணியடிக்கிற ஆள், அவ்வளவுதான். கோபுரத்தில் பெரிய மணி ஒன்று, சின்ன மணி ஒன்று. கயிறுகள் கீழ்வரை தொங்கும். தெருவைப் பார்த்த சின்ன வாசலுக்குள் நின்றுகொண்டே அடிக்கலாம். இரண்டு மணியும் சேர்ந்து அடித்தால் எல்லோரும் கோயில் முற்றத்துக்கு வர வேண்டும் என்று அர்த்தம். பெரிய மணி மட்டும் ஒவ்வொன்றாக, இழுத்து இழுத்து விழுந்தால் சாவு. சின்ன மணி மட்டும் கலகலவென்று அடித்தால் திருவிழா, இல்லையென்றால் குழந்தைச் சாவு. ஞானஸ்நானம் பெற்ற பச்சைப்பிள்ளை பாவம் அறியாமல் நேரே மோட்சத்துக்குப் போய்ச் சம்மனசாக, தேவதூதனாக ஆகிவிடுகிறது, அதற்காகச் சந்தோஷப்பட வேண்டும் என்பது கோயில் வழக்கம். பெற்றவள் அழத்தான் செய்வாள். மணி அழாது.

சாவு மணி கேட்டால் அந்தத் தெருவின் தோணி எதுவும் கடலில் இறங்காது. இறங்கியதும் திரும்பி வந்துவிடும். அடக்கம் முடிந்த பிறகுதான் மறுபடி கடல். இதில் உள்ளவன், இல்லாதவன் என்ற பேதம் கிடையாது. ஒருமுறை யாரென்றே தெரியாத ஒரு பிணம் கரை ஒதுங்கியபோதும் பவுல் மணி அடித்தார். அன்றைக்கு நல்ல மீன்பாடு. கரையில் நின்றவர்கள் அவரை வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். ஆனாலும் ஒரு தோணியும் போகவில்லை. பவுல் மணி அடிக்காத சாவு அந்தத் தெருவில் இருந்ததில்லை.

சர்க்கார் மேல் அவருக்கு நம்பிக்கை வந்த கதை சின்னது. சிறு வயதில் அம்மை குத்துகிறவர்கள் தெருவுக்கு வந்தபோது அம்மா தம்பியைக் கவிழ்த்துப் போட்ட தோணிக்கு அடியில் ஒளித்து வைத்தாள். பவுலுக்கு ஓட முடியவில்லை, அகப்பட்டுக்கொண்டார். அடுத்த வருஷம் அம்மை வந்தது. தம்பி போனான், பவுல் இருந்தார். அவருக்கு அதற்குமேல் யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மெலிஞ்சியார் ஆன பிறகு, அம்மை குத்துகிறவர்கள் வந்தால் இரண்டு மணியையும் சேர்த்து அடித்துத் தெருவைக் கூட்டுவார். சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு முதல் ஆளாகக் கையை நீட்டுவார். குத்திய கையிலேயே மறுபடி மறுபடி குத்தியதில் அவர் புஜம் கொத்திய அம்மிபோல இருந்தது. மருமகனே குத்திக்கிட்டாரு, நமக்கு என்ன வந்தது என்று முனகிக்கொண்டே தெரு அவருக்குப் பின்னால் நின்றது. தங்களைக் கண்டால் ஜனங்கள் வருகிறார்கள் என்று ஆபீசர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த நாற்பத்துமூன்றாம் வருஷம் மழை ஏமாற்றியது. கோயில் கிணறு ஒன்றுதான் தெருவுக்கு நல்ல தண்ணீர். அது அடிமட்டத்துக்குப் போய்க் கலங்கியது. அந்தச் சமயத்தில்தான் வாந்திபேதி வந்தது. காலையில் நங்கூரம் தூக்கியவன் மாலையில் பாயில் சுருண்டான். பெரிய மணி அடித்தது. மறுநாளும் அடித்தது. ஒரு அடக்கம் முடித்து ஆள் திரும்புவதற்குள் அடுத்த மணி. தோணிகள் கரையிலேயே கிடந்தன. தூத்துக்குடிக் கடல் ஆழமில்லாதது, கப்பல்கள் தூரத்தில்தான் நிற்கும், தோணி போனால்தான் அதில் சரக்கு ஏறும். யுத்தச் சரக்கு கரையில் மலையாகக் குவிந்தது. கப்பல்கள் ஊதி ஊதிப் பார்த்தன. எவன் போவான்?

பவுலுக்கு ஒரே மகள் ஹில்டா. வேம்பாரில் வளன் என்பவனுக்குக் கட்டிக் கொடுத்திருந்தது. வளன் கொழும்புத் தோணியில் வேலை பார்க்கிறவன். அவன் கடலில் இருக்கும் நாளெல்லாம் ஹில்டா தன் மகள் செலினோடு அம்மா வீட்டில்தான். மாமியாருக்கும் அவளுக்கும் ஒத்துப்போகாது. இவள் உலையில் உப்புப் போட்டால் அவள் போடவில்லை என்று இன்னொரு கை அள்ளிப் போடுகிற ரகம். ஆனால் தெருவில் சாவு தொடர்ந்து விழுந்ததும் பவுல் மகளையும் பேத்தியையும் வேம்பாருக்குக் கிளப்பினார். பெட்ரோல் கிடைக்காத காலம், கடற்கரை ரோட்டில் ஓடியது கரி பஸ். பின்பக்கம் அடுப்பு புகைந்துகொண்டிருக்க, ஹில்டா ஜன்னலோரம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அங்கன எங்க மாமியா மொகத்துல எத்தன நாளு முழிக்க, அப்பா?"

"மணி நின்னா வா. நிக்காம வராத."

"நின்ன அன்னைக்கே வந்துருவேன்."

பவுல் தலையாட்டினார். அவருக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட. பேப்பரில் வருவதை நம்பாதே, ஊரார் பேச்சை நம்பாதே, என் மணியை நம்பு என்று ஒரு தகப்பன் சொல்ல முடிந்ததல்லவா.

பஸ் போய் ஒரு வாரம் ஆகியிருக்காது. சானிட்டரி இன்ஸ்பெக்டர் கிருபாநிதி கோயிலுக்கு வந்தார். நாசரேத் பக்கத்துக்காரர், நல்ல மனுஷர். அம்மை குத்தும் நாட்களில் பவுலுக்குப் பக்கத்தில் நின்றவர். அவரோடு மெட்ராஸிலிருந்து புதிதாக வந்த பெரிய ஆபீசரும் வந்திருந்தார். ஆபீசர் சாமியாரிடம் இங்கிலீஷில் பேசினார். சாமியார் பவுலைக் கூப்பிட்டு, சர்க்கார் உத்தரவு பவுல், நீயே கேட்டுக்கொள் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். பொறுப்பைக் கைமாற்றுவதில் பெரியவர்கள் எப்போதும் சுறுசுறுப்புத்தான்.

கிருபாநிதி பவுலைத் தனியாகக் கூட்டிப் போய் விளக்கினார். மணிச் சத்தம் கேட்டு ஜனங்கள் மிரண்டு ஓடுகிறார்கள். ஓடுகிறவர்கள் நோயையும் தூக்கிக்கொண்டு போய் ஏரலில், வேம்பாரில் எல்லாம் இறக்கி வைக்கிறார்கள். பயம் அடங்கினால் அவரவர் இருந்த இடத்தில் இருப்பார்கள். வருகிற திங்கட்கிழமை கிணற்றுக்குப் போட வெள்ளைப் பொடியும் எல்லோருக்கும் ஊசி மருந்தும் வருகிறது. அதுவரை சாவு மணி வேண்டாம். யாராவது கேட்டால் வெறும் வயிற்றுக்கோளாறு, குறைந்துவருகிறது என்று சொல்ல வேண்டும்.

வேம்பார் என்ற சொல்லில் பவுல் விழுந்தார். நோய் அங்கே போனால் ஹில்டா எங்கே போவாள்? கப்பல்களைப் பற்றிக் கிருபாநிதி வாயைத் திறக்கவில்லை. ஆபீசரின் கண் மட்டும் கடல் பக்கமே இருந்தது. பவுல் அதைப் பார்த்தார், ஆனால் அதில் ஒன்றும் தோன்றவில்லை.

"பொடி நெசமா வந்துருமா ஐயா?" என்று மட்டும் கேட்டார்.

"சர்க்கார் சொல்லுது அண்ணாச்சி. எம் பேச்சா இது?"

பவுல் நம்பினார். கிருபாநிதியும் நம்பித்தான் சொன்னார், அதுதான் கொடுமை. மேலே இருந்தவர் சொன்னதை அவர் நம்பினார், அவர் சொன்னதைப் பவுல் நம்பினார், பவுலைத் தெரு நம்பியது. படிக்குப் படி நம்பிக்கை இறங்கி வந்தது. மருந்துதான் வரவில்லை.

மணி நின்றது. சாவு நிற்கவில்லை. வெயில் உச்சியில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரம் பார்த்து, பின்பக்கத்துச் சந்து வழியாகக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டு போனார்கள். அவரவர் வீட்டுச் சாவு அவரவருக்குத் தெரியும். நம் வீட்டுக்கு வந்த விதி, மற்ற இடத்தில் குறைந்துவிட்டதாமே என்று அழுகையை முந்தானையில் அடக்கிக்கொண்டார்கள். தெருவின் கிலி முழுவதும் காதில்தான் இருந்திருக்கிறது. சத்தம் நின்றதும் மனசு லேசானது. தோணிகள் கப்பலுக்குப் போயின. தண்ணீரைக் காய்ச்சிக் குடித்த வீடுகள் காய்ச்சுவதை விட்டன. கிணற்றடியில் பழையபடி சிரிப்புச் சத்தம் கேட்டது.

அந்த நாட்களில்தான் ஜெயபாயின் புருஷன் செத்தான். பவுல் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருந்தவள். அவள் தலைவிரிகோலமாகக் கோபுரத்தடிக்கு ஓடி வந்தாள். அவருக்கு ஒரு மணி அடிச்சிரும், மனுசனுக்குச் செத்த பொறவு அது ஒண்ணுதான் உண்டு என்று கேட்டாள். பவுல் கையைப் பிசைந்தார். உத்தரவு இருக்கிறது என்றார். திங்கட்கிழமை பொடி வந்ததும் எல்லோருக்கும் சேர்த்து அடிக்கிறேன் என்றார். ஜெயபாய் அவர் முகத்தைப் பார்த்தாள். திரும்பிப் போனாள். அன்று சாயங்காலம் பவுல் அவனுக்காக ஒரு முழு ஜெபமாலை சொன்னார். ஜெபமாலை யார் காதிலும் விழாது.

திங்கட்கிழமை வந்தது, பொடி வரவில்லை. பவுல் சுகாதார ஆபீசுக்கு நடந்தார். அடுத்த திங்கள் கட்டாயம் என்றார் கிருபாநிதி. அவர் குரலில் முந்திய உறுதி இல்லை. ரயிலில் மருந்து வந்து இறங்கியதும், அது பட்டாளக் கேம்புக்கும் கப்பல்காரர்களுக்கும் பங்களாக்களுக்கும் போனதும் பின்னால்தான் வெளியே வந்தது. கப்பலுக்குப் போகிற தோணிக்காரன் குடிக்கிற கிணற்றுக்கு ஒரு பிடி பொடி இல்லை.

வேம்பார் பஸ்ஸின் கண்டக்டர் அய்யாக்குட்டி ஒருநாள் டீக்கடையில் பவுலைப் பிடித்தான். கடை நிறைய தோணிக்காரர்கள்.

"அண்ணாச்சி, ஒம்ம மக கேட்டுட்டு வரச் சொல்லிச்சி. மணி அடிக்கா, நின்னுட்டான்னு."

கடையில் பேச்சு அடங்கியது. எல்லோரும் பவுலைப் பார்த்தார்கள். மணி நின்றுவிட்டது, ஆனாலும் வர வேண்டாம் என்று சொல் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதைச் சொன்னால் ஏன் வர வேண்டாம் என்று கடை கேட்கும். கேட்டால் இத்தனை நாள் அமைதியும் பொய் என்று ஆகிவிடும். கிருபாநிதிக்குக் கொடுத்த வாக்கு போகும். தெரு மறுபடி ஓடும். அத்தோடு இன்னொரு நினைப்பும் இருந்தது: அவள் மூட்டை கட்டிப் புறப்படுவதற்குள் கிணற்றில் பொடி விழுந்துவிடாதா?

"நின்னுட்டுன்னு சொல்லு" என்றார் பவுல்.

மூன்றாம் நாள் ஹில்டா வந்து இறங்கினாள். கையில் செலின், தலையில் கருவாட்டுப் பெட்டி. பவுலின் மனைவி மெட்டில்டா மகளைக் கண்ட சந்தோஷத்தில் வாசலுக்கும் அடுப்புக்குமாக ஓடினாள். செலின் தாத்தாவின் புஜத்துத் தழும்புகளை விரலால் தொட்டு எண்ணத் தொடங்கினாள். அது அவள் வழக்கமான விளையாட்டு. ஹில்டா வந்த வெயிலுக்குப் பானையில் தண்ணீர் மொண்டாள்.

"காய்ச்சிக் குடி, ஏளா" என்றார் பவுல்.

மணிதான் நின்னாச்சே அப்பா என்று சிரித்துவிட்டு அவள் மடக் மடக்கென்று குடித்தாள். அந்தச் செம்பைப் பிடுங்கி எறிந்திருக்கலாம். அவர் எறியவில்லை. எறிந்தால் சொல்ல வேண்டும், சொன்னால் மெட்டில்டா தெருவுக்கே கேட்கும்படி கத்துவாள். ஒரு நாள், இன்னும் ஒரு நாள் என்று நினைத்தார். மனுஷன் மோசம் போவதெல்லாம் இந்த ஒரு நாளில்தான். அன்றே சுகாதார ஆபீசுக்கு ஓடி, என் வீட்டுக் குடத்துக்காவது கொஞ்சம் பொடி தாருங்கள் என்று கெஞ்சினார். கிருபாநிதி வெறுங்கையை விரித்துக் காட்டினார்.

மறுநாள் விடியும்போது ஹில்டாவுக்குக் கண்டது. உப்புத் தண்ணீர் கொடுத்தார்கள், அது தங்கவில்லை. கண் உள்ளே போனது, விரல் நுனிகள் சுருங்கின, குரல் கம்மியது. ஊசி போடுகிற டாக்டரைத் தேடிப் பவுல் பட்டாளக் கேம்பு வாசல் வரை போனார். சென்ட்ரி துப்பாக்கியைக் குறுக்கே பிடித்தான். அவர் வீடு திரும்பியபோது மெட்டில்டாவின் அழுகை தெருமுனைக்கே கேட்டது. ஹில்டா போய்விட்டாள்.

கிருபாநிதி வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நின்று குலுங்கி அழுதார். அழுது முடித்துவிட்டு, பவுல் அண்ணாச்சி, மணி மட்டும் வேண்டாம், புதன்கிழமை மருந்து உறுதி என்றார். நல்ல மனுஷர்தான். நல்ல மனுஷரைத்தான் இப்படிப்பட்ட வேலைக்கு அனுப்புவார்கள். பவுல் அவரைப் பார்க்கக்கூட இல்லை. நேரே கோபுரத்தடிக்குப் போய்ப் பெரிய மணியின் கயிற்றைப் பிடித்தார்.

பல நாள் அடங்கிக் கிடந்த மணி. தெரு அதிர்ந்தது. அடுப்பை விட்டுப் பெண்கள் வெளியே வந்தார்கள். கடலில் பாதி தூரம் போன தோணிகள் பாயைத் திருப்பின. கோபுரத்தடியில் கூட்டம் கூடியது. யாருக்கு என்று கேட்டார்கள். மெலிஞ்சியார் மகளுக்கு என்று பதில் போனது. அந்தப் பதில் கூட்டத்துக்குள் போகப் போக முகங்கள் மாறின. போன வாரம் அண்ணனைப் புதைத்தவன் தம்பியைப் புதைத்தவனைப் பார்த்தான். ஒவ்வொரு வீடும் தன் சாவை வாய்விட்டுச் சொன்னது. அப்போதுதான், ஒருநாளும் குறையவில்லை என்பது தெருவுக்குத் தெரிந்தது.

ஜெயபாய் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். அவள் கத்தவில்லை.

"எம் புருசன் சாவுக்கு ஆர்டரு. ஒம்ம வீட்டுச் சாவுக்கு மணியா, மெலிஞ்சியாரே?"

பவுலின் கை கயிற்றோடு நின்றது. மகள் செத்த வலிக்கு மேல் அந்தக் கேள்வி ஒரு தனி வலியாக அவர் நெஞ்சில் இறங்கியது. அவள் புருஷனுக்கு அன்றே ஒரு மணி அடித்திருந்தால் ஹில்டா வந்திருக்க மாட்டாள் என்பதும் அந்த இடத்தில் வைத்துத்தான் அவருக்குப் புரிந்தது. ஜெயபாயின் புருஷனுக்காகவும் அடித்தார், சந்து வழியே போன ஒவ்வொருவருக்காகவும் அடித்தார். கை பொத்துப்போகிற வரை அடித்தார். கேட்க அங்கே யாரும் நிற்கவில்லை. கூட்டம் கலைந்து போயிருந்தது.

புதன்கிழமை மருந்து வந்தது. இந்தத் தடவை நிஜமாகவே வந்தது. கிணற்றில் பொடியைக் கொட்டினார்கள். கோயில் முற்றத்தில் மேஜை, நாற்காலி, ஸ்பிரிட் அடுப்பில் கொதிக்கிற ஊசிகள், வெள்ளைக் கோட்டுப் போட்ட டாக்டர். கிருபாநிதி பவுலிடம் வந்து நின்றார். பவுலே போய் இரண்டு மணியையும் சேர்த்து அடித்தார். அந்த மருந்து நல்லது என்று அவருக்குத் தெரியும். தம்பி கிடந்த தோணியின் அடி அவருக்கு மறக்கவில்லை. சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு முதல் ஆளாகக் கையை நீட்டினார். ஊசி ஏறியது. அவர் திரும்பிப் பார்த்தார்.

பின்னால் ஒருவரும் இல்லை.

கதவுகள் சாத்தியிருந்தன. குழந்தைகளைத் தோணிக்கு அடியில் ஒளித்தார்கள். கிணற்றுத் தண்ணீர் பொடி நாற்றம் அடித்தது, கூட்டத்தோடு கொன்று பட்டாளத்துக்கு இடம் எடுக்க விஷம் போட்டிருக்கிறார்கள் என்று ஒருவன் கிளப்பிவிட்டான். பைத்தியக்காரப் பேச்சு. ஆனால் குறைந்துவருகிறது என்ற பேச்சைவிட இது எந்த விதத்தில் மோசம்? தெரு கிணற்றை விட்டது. உப்பளத்துப் பக்கம் மணலில் ஊற்றுத் தோண்டி, அந்தக் கலங்கல் தண்ணீரைக் குடத்தில் எடுத்து வந்தார்கள். சர்க்கார் கை படாத தண்ணீர் என்று நம்பிக் குடித்தார்கள்.

பவுல் வீட்டுக்குப் போய்ச் செலினைத் தூக்கினார். மேஜை வரை போயிருப்பார். மெட்டில்டா குறுக்கே வந்து நின்றாள். மகள் போனதிலிருந்து அவள் அவரோடு பேசியிருக்கவில்லை.

"இந்த ஊசி நெசம், மெட்டில்டா. பெலவேந்திரர் மேல ஆணை."

"மணி நின்னா வான்னு சொன்னீரே, அதுவும் நெசம்னுதான நெனச்சா எம் மக."

அவள் கையை நீட்டினாள். செலின் பாட்டியிடம் தாவினாள். பலவந்தமாக இழுத்துப் போயிருக்கலாம். வயசானாலும் கயிறு இழுத்த கை அது. ஆனால் பேத்தியின் மேல் தனக்கு என்ன உரிமை மிச்சம் இருக்கிறது என்ற எண்ணம் அவரை அந்த இடத்திலேயே அடித்துப் போட்டது. விட்டுவிட்டார். மெட்டில்டா உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். மூலையில் ஊற்றுத் தண்ணீர்க் குடம் மூடி வைத்திருந்தது.

மருந்துப் பெட்டி பிரித்தபடியே திரும்பிப் போனது. ஜனங்களைச் சேர்க்கத் தெரியவில்லை என்று குற்றம் சொல்லிக் கிருபாநிதியை ஏரலுக்கு மாற்றினார்கள். மழை விழுகிற வரை சாவு ஓயவில்லை. அத்தனைக்கும் பவுல் மணி அடித்தார், ஒன்றைக்கூட விடவில்லை. தெருவில் ஊசி போட்டுக்கொண்ட ஒரே ஆள் அவர், அதனால் அடிக்க ஆள் இருந்தது.

அப்படி ஒரு காலை நேரம். மெட்ராஸ் ஆபீசர் காரில் துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். பெலவேந்திரர் கோயிலின் சின்ன மணி கலகலவென்று அடித்தது. தெருவே அந்தச் சத்தத்தில் குதூகலமாக இருப்பதுபோல அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். காரைக் கோபுரத்தடியில் நிறுத்தச் சொன்னார். வாசலுக்குள் கயிறு இழுத்துக்கொண்டிருந்த கிழவரைக் கூப்பிட்டார்.

"என்னய்யா, இன்னைக்குத் திருவிழாவா?"

பவுல் கயிற்றை விடாமல் திரும்பினார்.

"எம் பேத்தி செத்துட்டா ஐயா."

ஆபீசர் அவரை மேலும் கீழும் பார்த்தார். சிரிப்பு போய் எரிச்சல் வந்தது.

"சாவு மணியை நிறுத்தச் சொன்னதே நான்தான். சாவு மணி எப்படி அடிக்கும்னு எனக்குத் தெரியாதா? காலையிலேயே குடிச்சிட்டுப் பொய் சொல்றியா?"

பவுல் மறுபடி கயிற்றின் பக்கம் திரும்பினார். சொன்னது அவ்வளவும் உண்மை. ஜனங்களுக்குப் பயம் தெளிந்துவிட்டது பார் என்று டிரைவரிடம் சொல்லிக்கொண்டே ஆபீசர் புறப்பட்டார். கார் தெருமுனை திரும்பியது.

எதிர்ப்புறம் பவுல் வீட்டு வாசலில் செலினின் சின்னப் பெட்டியைத் தூக்கினார்கள். சம்மனசுக்கு அடிக்கிற மணி அடக்கம் முடியும் வரை தொய்யக் கூடாது. பவுல் கயிற்றை இன்னும் வேகமாக இழுத்தார்.